வெள்ளிக்கிழமைப் பிழை

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடனுக்கு ஐம்பத்திரண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் படிப்பவர்கள் குருவுக்குத் தாடி ஒட்டிவிடுவார்கள்.

குருவின் பெயர் இசக்கியம்மாள். குரு என்று யாராவது கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும். வள்ளியூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்கு மேலே மாடி அறை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்திருப்பார். ஐந்தாறு பேர் மடிக்கணினியோடு வருவார்கள். டீ வரும். வேலை நடக்கும்.

அவர் தொடங்கிய மென்பொருளுக்கு 'அலமாரி' என்று பெயர். சின்ன நூலகங்களுக்கானது. எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, என்றைக்குத் திரும்ப வரவேண்டும் என்று சொல்லும். விலை கிடையாது. அதன் நிரல் முழுவதும் இணையத்தில் திறந்து கிடக்கும். யாரும் படிக்கலாம். குறை கண்டால் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதைப் பார்த்து உள்ளே சேர்க்கும் உரிமை மட்டும் எல்லோருக்கும் இல்லை. அந்த உரிமையை அவர்கள் 'சாவி' என்பார்கள். அது இசக்கியம்மாளிடமும் இன்னும் இருவரிடமும் இருந்தது.

சிகாமணிக்கு அந்தச் சாவி வேண்டும்.

முழுப்பெயர் ஞானசிகாமணி. பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் வாழ்க்கையில் பாதியைக் கழித்தவர். ஒருநாள் காலையில் அவரை ஓர் அறைக்குள் கூப்பிட்டு, நன்றி சொல்லி, அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஊருக்குத் திரும்பி வந்தார். வீட்டில் எல்லோரும் அவரிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எங்காவது ஓர் இடத்தில் தன் பெயர் இருந்தால் போதும் என்று இருந்தது.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கேட்டார்.

"மேடம், சாவி எப்பக் கிடைக்கும்?"

"மேடம்லாம் வேண்டாம் அண்ணாச்சி. இசக்கின்னே கூப்பிடுங்க."

"சரி. எப்பக் கிடைக்கும்?"

"டீ சொல்லியிருக்கேன். குடிங்க."

குடித்தார்.

"நான் என்ன செய்யணும்? அதையாவது சொல்லுங்க."

"புதுசா வாறவங்க கேள்வி கேட்டு எழுதுதாங்க. எறக்கத் தெரியல, தெறக்கத் தெரியலன்னு. அவங்களுக்குப் பொறுமையாப் பதில் எழுதுங்க."

சிகாமணிக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு காலத்தில் ஒரு மாடி முழுக்க அவருக்குக் கீழே வேலை பார்த்தது. தெறக்கத் தெரியாதவர்களுக்குத் திறந்து காட்டவா வள்ளியூருக்கு வந்தார்?

அடுத்த சனிக்கிழமை வீட்டில் உட்கார்ந்து அவர் குறைப் பட்டியலுக்குப் போனார்.

அலமாரியில் என்னென்ன கோளாறு என்று யாரும் எழுதிப் போடுகிற பக்கம் அது. பெரிய பெரிய கோளாறுகளுக்கு நடுவே சில பொடிக் குறைகளும் கிடந்தன. அவற்றின் பக்கத்தில் மட்டும் 'புது ஆளுக்கு' என்று இசக்கியம்மாள் குறித்து வைத்திருந்தார்.

அதில் ஒன்று வெள்ளிக்கிழமைப் பிழை. சில நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அலமாரிக்கு அது தெரியாது. வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடு என்று சீட்டு அடித்துக் கொடுத்துவிடும். பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். வருஷக்கணக்காக அது அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்:

"இத நான் பாக்கேன். நேரம் ஆகும். வடிவு, களக்காடு."

எழுதியது மழைக்காலத்தில். சிகாமணி படித்தது நல்ல வெயிலில். இன்னுமா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. நிரலைத் திறந்தார். டீ ஆறுவதற்குள் திருத்திவிட்டார். ஒரே ஒரு வரிதான்.

ருசி கண்டுவிட்டது. 'புது ஆளுக்கு' என்று இருந்த மற்ற எல்லாவற்றையும் அந்தச் சனிக்கிழமையே ஒரு கை பார்த்துவிட்டார். நானும் புது ஆள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய்யும் இல்லை.

பிறகு எல்லோரும் படிக்கிற குழுவில் எழுதினார்: "பல வருடங்களாகத் தூசி படிந்து கிடந்ததைத் துடைத்துவிட்டேன்."

நாலைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். இசக்கியம்மாள் ஒவ்வொன்றையும் படித்தார். எல்லாம் சரியாக இருந்தன. சேர்த்துக்கொண்டார். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

மறுநாள் சிகாமணி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். மாடியேறும்போது முட்டி வலித்தது. அது அன்றைக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. உட்கார்ந்ததும் கேட்டார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"எல்லாமே ஒரு வரி, ரெண்டு வரி. இதையெல்லாம் ஏன் இத்தனை வருஷம் விட்டு வச்சீங்க? நேரம் இல்லையா? இல்ல, கவனிக்கலையா?"

அறையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இசக்கியம்மாள் வாயைத் திறப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் துணிப்பை, அதற்குள் பழைய மடிக்கணினி. இன்னொரு கையில் தூக்குவாளி. களக்காட்டுப் பக்கம் ஒரு சின்ன நூலகத்தில் நூலகராக இருக்கும் சண்முகவடிவு அவர். அதற்கு முன் அங்கே வந்ததே இல்லை. ஆனாலும் அவர் எழுதிக் கேட்ட கேள்விகளால் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

இசக்கியம்மாள் எழுந்துவிட்டார்.

"வடிவக்கா! நேத்து ராத்திரி கூப்பிட்டேன். போன எடுக்கவே இல்லயே. ஒரு விஷயம்..."

"போன் கெடக்கட்டும் இசக்கி. மொதல்ல இதப் பாரு. நான் முடிச்சுட்டேன்."

"அக்கா, நான் சொல்லுதத..."

"இரு, இரு. வீட்டுலருந்தே அனுப்பியிருப்பேன். ஆனா மொத தடவல்லா. நீங்க எல்லாரும் இருக்கும்போது அனுப்பணும்னு ஒரு ஆச."

மூச்சு வாங்கியது அவருக்கு. மடிக்கணினி உயிர் பெற நேரம் எடுத்தது. அது வருவதற்குள் கதையைச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழம பிள்ளையள் வந்து கதவத் தட்டிட்டுப் போவும். பாவமா இருக்குமேன்னு லீவு நாள்லயும் நான் போயித் தெறந்து வாங்கி வைப்பேன். ஒரு நா காய்ச்சல், போவல. ஒரு பிள்ள புஸ்தகத்தக் கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போயிட்டு. ராத்திரி அடிச்ச மழையில தண்ணி உள்ள வந்து, புஸ்தகம் ஊறி கூழாப் போச்சு. அன்னைக்குத்தான் நெனச்சேன், எவன் எவனோ எழுதுதான், நாம படிச்சுப் பாத்தா என்னன்னு. அந்த வரி எந்தக் கோப்புல இருக்குன்னு கண்டுபுடிக்கவே கார்த்திகை வந்துட்டு."

சிகாமணிக்குக் காது சூடாகத் தொடங்கியது.

வடிவு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கடைசிப் பொத்தானை அழுத்துமுன் எல்லோரையும் ஒருமுறை பார்த்துச் சிரித்தார். அழுத்தினார்.

திரையில் சிவப்பாக ஒரு செய்தி வந்தது. இந்த இடம் ஏற்கெனவே மாறிவிட்டது, உங்கள் மாற்றம் பொருந்தவில்லை.

வடிவு இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"ஐயையோ. நான் என்னத்தையோ கெடுத்துட்டேன். இசக்கி, எல்லாருக்கும் நின்னு போச்சோ? மத்த லைப்ரரியிலயும் நின்னு போயிருமோ?"

அறையில் இருந்த எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஆனால் ஒருவர்கூடச் சிகாமணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அவர் பேச வேண்டிய இடம் அதுதான். நான்தான் என்று ஒரு சொல் போதும். இசக்கியம்மாள் அதற்காகக் கொஞ்சம் பொறுத்தும் பார்த்தார். சிகாமணி டீ கிளாஸின் அடியில் கிடந்த தூளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க. எனக்கு இதெல்லாம் புதுசு" என்றார் வடிவு, அறைக்குப் பொதுவாக.

"நீங்க எதையும் கெடுக்கலக்கா" என்றார் இசக்கியம்மாள். "நேத்து ஒருத்தர் அதத் திருத்தி அனுப்பிட்டாரு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"அப்படியா?" வடிவு திரைக்கு அருகே குனிந்தார். பெயர் இருந்தது. "ஞானசிகாமணி. யாரு இவங்க?"

இனி ஒளிய வழியில்லை.

"நான்தாங்க" என்றார் சிகாமணி. வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி கையை வேறு தூக்கிவிட்டார்.

வடிவு அவர் எழுதிய வரியைப் படித்தார். உதடு அசைந்தது. மறுபடியும் படித்தார். புரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரே வரி! நான் ஞாயித்துக்கிழமயா இருந்தா இப்படி, திங்கக்கிழமயா இருந்தா இப்படின்னு ஏழு நாளைக்கும் ஏழு தடவ எழுதி வச்சிருக்கேன். எவ்வளவு லட்சணமா இருக்கு சார் உங்களோடது."

அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே சொன்னார். பிறகு மடிக்கணினியை மூடினார். தூக்குவாளியைத் திறந்தார். முந்திரிக்கொத்து. அதிகாலையில் எழுந்து சுட்டிருக்க வேண்டும்.

"சரி பண்ணுனது நீங்கதான. மொதல்ல நீங்க எடுங்க சார்."

வேண்டாம் என்று சொல்ல முடியுமா? எடுத்துக் கடித்தார். முந்திரிக்கொத்தைச் சத்தமில்லாமல் தின்ன முடியாது. அந்த அமைதியில் ஒவ்வொரு கடியும் ஊருக்கே கேட்கிற மாதிரி இருந்தது. தண்ணீர் கேட்கவும் வெட்கமாக இருந்தது. அப்படியே விழுங்கினார்.

வடிவு அதிகநேரம் இருக்கவில்லை. கிளம்பும்போது இசக்கியம்மாள் கேட்டார்.

"வேற ஏதாவது கோளாறு இருக்காக்கா?"

"உறுப்பினர் கார்டுல பேரு ரெண்டு தடவ அச்சாவுது. அடுத்து அதப் பாப்போம்னுதான் இருந்தேன்." செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார். "கெடக்கட்டும். யாராவது பாப்பாங்க."

படியிறங்கிப் போய்விட்டார். கொஞ்சநேரத்தில் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். குருவும் சீடனும் மட்டும் மிஞ்சினார்கள். காற்றாலை ஊர்க் காற்று ஜன்னலைப் போட்டு அடித்தது. இசக்கியம்மாள் எழுந்து கொக்கி மாட்டினார்.

"என் திருத்தத்த நீங்க வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே" என்றார் சிகாமணி.

"சரியா இருந்துச்சே. சரியா இருக்குறது கையில வந்த பிறகு, பிள்ளையள் இன்னொரு வெள்ளிக்கிழம வந்து பூட்டப் பாக்கணுமா?"

"இப்படி ஒருத்தங்க உக்காந்து எழுதிட்டு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதே."

இசக்கியம்மாள் அவரையே பார்த்தார். சிகாமணியின் குரல் தானாக இறங்கியது.

"தெரியும். அவங்க எழுதியிருந்ததப் படிச்சேன்."

"ம்."

"டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுட்டோம்னு பெருமையா இருந்துச்சு."

"எனக்கு டீ வாறதுக்குள்ளயே முடிஞ்சிருக்கும் அண்ணாச்சி."

சிகாமணி நிமிர்ந்தார்.

"அப்ப தெரிஞ்சேதான் விட்டு வச்சீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"அந்தப் பிள்ளைங்க? அந்தப் புஸ்தகம்?"

"ஊறிப்போன புஸ்தகத்துக்கு நான்தான் காரணம். பூட்டப் பாத்துட்டுப் போன பிள்ளையளுக்கும் நான்தான். அவங்க இன்னைக்குச் சொன்னப்ப எனக்குத் தரையப் பாக்கத்தான் முடிஞ்சிச்சு. வாறவங்க போறவங்க எல்லாம் கேப்பாங்க, இதக்கூடவா திருத்தலன்னு. நீங்களும் கேட்டிய. கேக்கும்போதெல்லாம் வெக்கமாத்தான் இருக்கும்."

"பிறகு எதுக்கு?"

"இப்ப சாவி வச்சிருக்குற மத்த ரெண்டு பேரும் இந்த மாதிரி ஒரு பொடிக் கொறையத் திருத்தத்தான் மொதல்ல வந்தாங்க."

சிகாமணி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு அவசரமாகச் சொன்னார்.

"என் வரிய எடுத்துருங்க. அவங்க எழுதுன ஏழையும் போட்டுருங்க. கூடுதலா இருந்தா என்ன, வேலை செய்யும்லா?"

"நல்லாவே செய்யும். ஆனா அவங்க உங்க வரியப் படிச்சுட்டாங்களே. இனிம அந்த ஏழ அனுப்ப அவங்களுக்கு மனசு வராது."

சிகாமணி முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்த அன்றைக்குக்கூட அவர் இப்படிக் கூனிப்போகவில்லை. அது யாரோ அவருக்குச் செய்தது. இது அவர் செய்தது. அதுவும் படித்துவிட்டு, சிரித்துவிட்டுச் செய்தது.

"களக்காட்டு பஸ் இன்னும் எடுத்திருக்க மாட்டான்" என்றார் இசக்கியம்மாள், ஜன்னலைப் பார்த்தபடி.

சிகாமணி எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஏறக்குறைய ஓடினார்.

வடிவு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் காலித் தூக்குவாளி. சிகாமணி கீழே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டார். பெங்களூரில் எப்போதோ தொலைத்துவிட்ட ஊர்ப் பேச்சு அவர் வாயில் தானாக வந்தது.

"நான் பாக்கேன்னு நீங்க எழுதியிருந்தியல்லா. அதப் படிச்சேன். படிச்சுட்டுத்தான் அதச் செஞ்சேன்."

வடிவு அவரைப் பார்த்தார்.

"படிச்சுட்டா?"

"படிச்சுட்டுத்தான். மேல நீங்க பயந்தப்பவும் வாயத் தெறக்காம இருந்துட்டேன்."

மாடியில் அத்தனை பேர் முன்னாலும் வாடாத முகம் அங்கே வாடியது. வடிவு தூக்குவாளியின் மூடியை அழுத்தி அழுத்தி மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"தெரியாம நடந்ததுன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

டிரைவர் வண்டியில் ஏறினார்.

"அந்தக் கார்டுல பேரு ரெண்டு தடவ வாறதச் சொன்னியளே. அத நீங்க பாருங்க. யாரும் தொட மாட்டாங்க. நான் பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம் சார்." கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது. "அதையும் நீங்களே பண்ணிருங்க. உங்களுக்கு லேசு."

பஸ் கிளம்பியது. சிகாமணி கம்பியை விட்டார்.

திரும்பி மாடியேறி வந்தபோது இசக்கியம்மாள் அதே இடத்தில் இருந்தார். மேசையில் அவருக்காக ஒரு டீ வந்திருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"அதையும் என்னையே பண்ணச் சொல்லிட்டாங்க." உட்கார்ந்தார். "அவங்க இனிம வர மாட்டாங்க, இசக்கி."

அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வருவாங்களான்னு எனக்குத் தெரியல" என்றார் இசக்கியம்மாள்.

மடிக்கணினியை இழுத்து எதையோ தட்டினார். பிறகு திரையைச் சிகாமணி பக்கம் திருப்பினார். சாவி வைத்திருப்பவர்களின் பெயர்கள் இருந்தன. கடைசியில் அவர் பெயர்.

"என்ன இது?"

"சாவி. இனிம நீங்க யாரையும் கேக்க வேண்டாம். நேரா உள்ள போட்டுக்கிடலாம்."

"இன்னைக்கா?" அவருக்குக் குரல் உடைந்தது. "இன்னைக்குப் போயா இத எனக்குத் தாறிய?"

"அந்தக் கார்டுல பேரு ரெண்டு தடவ வாறது. தப்பு எங்க இருக்குன்னு தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும். பஸ் ஸ்டாண்டுலருந்து நடந்து வரும்போதே தெரிஞ்சுபோச்சு."

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆவும்?"

சிகாமணி மேசையைப் பார்த்தார்.

"இந்த டீ ஆறுறதுக்குள்ள."

"பண்ணாம எவ்வளவு நாள் இருப்பிய?"

சிகாமணி கையைக் கட்டிக்கொண்டு, டீ ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.